கட்டைவிரல் முதலில் நடக்கட்டும்

கேள்வி: கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன் சார், வயது 38. மகனுக்கு வாங்கிய கிட்டார் சும்மா கிடக்கிறதே என்று நான் எடுத்தேன். நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிப்பேன், பிக் என்ற சின்னத் தகட்டால் கம்பிகளை மொத்தமாக வருடும் ஸ்ட்ரம்மிங் வரும். மூன்று மாதமாக ஃபிங்கர்ஸ்டைல், அதாவது கம்பிகளை விரல்களாலேயே தனித்தனியாக மீட்டுவது, பழகுகிறேன். விரல்களைக் கவனித்தால் கட்டைவிரல் நின்றுவிடுகிறது. நைலான் கம்பி கிட்டார் வாங்கினால் சரியாகுமா? நகம் வளர்க்கணுமா?

பதில்: வேறு கிட்டார் இப்போது வேண்டாம் அம்மா. ஸ்டீல் கம்பி கிட்டாரில் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பட்டை) சுமார் 43 மி.மீ. அகலம், நைலானில் 52. கம்பிகளுக்கு நடுவே இடம் கூடும், இடது கை வலி குறையும், அவ்வளவுதான். வலிதான் தொல்லை என்றால் 10 கேஜ் என்ற மெல்லிய கம்பி செட் கேட்டு மாட்டுங்கள். நகமும் வேண்டாம், நாள் முழுக்கத் துணி தொடும் கை உங்களுடையது. விரல் சதையாலேயே மீட்டலாம். சத்தம் கொஞ்சம் அடங்கி, உருண்டையாக வரும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

சிக்கல் கட்டைவிரலில் இருக்கிறது. மிதி மெஷின் பழகிய முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். துணியைத் திருப்பினால் கால் தடுமாறும், சக்கரம் பின்னால் சுற்றும், நூல் அறும். இப்போது அளவு கொடுக்க வந்தவரிடம் பேசிக்கொண்டே தைக்கிறீர்கள். கால் அதுபாட்டுக்கு மிதிக்கிறது. கிட்டாரில் அந்தக் கால்தான் கட்டைவிரல்.

சி கார்டைப் பிடியுங்கள். கட்டைவிரலால் மட்டும் 5-ம் கம்பி, 4-ம் கம்பி, மறுபடி 5, 4 (கீழே உள்ள மிக மெல்லிய கம்பிதான் 1). நிமிடத்துக்கு 60 தாள அடி போதும். மற்ற விரல்கள் சும்மா இருக்கட்டும். பத்து நாள் இதுவே. அப்புறம் வாசிக்கும்போதே மகனை ஏதாவது கேட்கச் சொல்லிப் பதில் சொல்லுங்கள். பேச்சில் கட்டைவிரல் நின்றால் இன்னும் பத்து நாள். நிற்கவில்லையா, முதல் அடியில் நடுவிரலால் 2-ம் கம்பியைக் கட்டைவிரலோடு சேர்த்துக் கிள்ளுவதுபோல் எடுங்கள். அது நிலைத்தபின், இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் இடையே சுட்டுவிரலால் 3-ம் கம்பி. இதை ட்ராவிஸ் பிக்கிங் வகையில் சேர்ப்பார்கள். அந்தப் பெயருக்குக் காரணமான மெர்ல் ட்ராவிஸ், 1917-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்தவர். பெரும்பாலும் கட்டைவிரல், சுட்டுவிரல் இரண்டிலேயே வாசித்தார். அதனால் நாலு விரலும் ஒரே நாளில் வரவில்லையே என்று வருந்த வேண்டாம்.

அடுத்து ஏ மைனர். மோதிர விரலை மட்டும் 5-ம் கம்பியிலிருந்து எடுத்து 3-ம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டத்தில்) வையுங்கள். மற்ற இரண்டும் அசையாது. கட்டைவிரலுக்கும் அதே 5, 4 தான். இந்த இரண்டு கார்டு தடங்கலில்லாமல் மாறும்போது ஒரு கிட்டாரில் இரண்டு பேர் வாசிப்பதுபோல் கேட்கும். முதன்முதலில் அதைக் கேட்ட மாணவர்களின் முகத்தை இந்தக் குன்னூர் வீட்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கும் மனசு நிறைந்துவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊருக்கு ஐப்பசி, கார்த்திகை மழை பெரிது. ஈரத்தில் மேல்பலகை உப்பிக் கம்பி உயரும், அழுத்தவே முடியாது. ஒரு மழைக்காலம் முழுக்க என் கிட்டாரைச் சுவரில் மாட்டி வைத்திருந்தேன், பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) ஒட்டு விட்டுப்போனது. வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையில் போட்டு மூடுங்கள். வெளிச்சுவர் பக்கம் சாய்த்து வைக்காதீர்கள்.