அப்பா மூச்சு நின்னு நின்னு குறட்டை விடுறாரு, குடலிறக்க ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனா இந்த குறட்டை விஷயத்த சர்ஜன்கிட்ட மட்டும் இல்லாம அனஸ்தீசியா டாக்டர்கிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க. ஸ்டாப்-பேங்னு 8 கேள்வி கேப்பாங்க, கழுத்து சுத்தளவு கூட அளப்பாங்க, அந்த எட்டுல 5 மார்க்கோ அதுக்கு மேலயோ வந்தா ஸ்லீப் ஆப்னியா இருக்க சான்ஸ் அதிகம். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைக்கிறதுதான் இந்த வியாதி, மயக்க மருந்தும் மார்ஃபின் மாதிரி வலி மருந்தும் அதை இன்னும் தளர்த்துறதோட, மூச்சு அடைச்சா திடுக்குனு முழிப்பு வருமே, அதையும் மழுக்கிடும். அதனால தியேட்டரைவிட (அங்க டாக்டர் தலைமாட்டுலயே நிப்பாரு) வார்டுக்கு வந்தப்புறம் ராத்திரிலதான் எனக்கு பயம். விரல்ல மாட்டுற ஆக்சிஜன் கிளிப் விடிய விடிய இருக்கட்டும், தலைப்பக்கம் கட்டிலை தூக்கலாமான்னு கேளுங்க, சிபாப் மெஷின் (தூங்கும்போது மாஸ்க் வழியா காத்தை அழுத்தி மூச்சுப்பாதைய திறந்து வைக்கிறது) இருந்தா மாஸ்க்கோட எடுத்துட்டு போங்க. முதுகுல ஊசி போட்டே முடிக்க முடியுமான்னும் கேட்டுப் பாருங்க, இந்த ஆபரேஷனுக்கு பல சமயம் அதுவே போதும்.