ஃபார்மட் செய்வதற்கு முன்னால்: கணினிக் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. வீட்டில் இருந்தபடியே புத்தகங்களை டைப் செய்து, பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். ஆறு வருடமாக ஒரே லேப்டாப்தான். இரண்டு மாதமாக ஒரே தொல்லை. ஆன் செய்தால் டெஸ்க்டாப் வரப் பத்து நிமிடம் ஆகிறது. வேலை நடுவில் நீலத் திரை வந்து ‘கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்’ என்று காட்டிவிட்டுத் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. வந்து பார்த்தவர் ஒருவர், “ஃபார்மட் பண்ணி விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும்” என்கிறார். அண்ணன் மகனோ, “ரீசெட் கொடுத்தாலே போதும் அத்தை, ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும்” என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? என் ஃபைல்கள் எல்லாம் டி டிரைவில்தான் இருக்கின்றன, அதனால் பயமில்லை.

பதில்: நீலத் திரையில் வந்த வார்த்தைகளை அப்படியே எழுதி அனுப்பினீர்களே சகோதரி, ரொம்ப நல்ல காரியம். விண்டோஸ் தனக்கு வேண்டிய ஒரு தகவலை டிஸ்க்கிலிருந்து எடுக்கப் போய், எடுக்க முடியாமல் திணறும்போது வருகிற பிழை அது. மெமரியில் கோளாறு இருந்தாலும் வரும், கேபிள் சரியாக உட்காராவிட்டாலும் வரும். ஆனால் ஆறு வருடம் உழைத்த லேப்டாப், அதோடு பத்து நிமிட பூட் என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது டிஸ்க்கைத்தான்.

அதனால் ஃபார்மட்டா ரீசெட்டா என்ற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். டிஸ்க் போகிற நிலையில் இருந்தால் இரண்டுமே தப்பு. விண்டோஸைத் திரும்பப் போடுவது என்றால், நலிந்த டிஸ்க்கில் பல ஜிபி அளவுக்குப் புதிதாக எழுதுவது. ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவரை மாடிப்படி ஏறச் சொல்கிற மாதிரி.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஓர் ஆசிரியரின் கணினிக்கு ஒரே மாதத்தில் மூன்று முறை விண்டோஸ் போட்டேன். முதல் முறை போட்டதும் பிரமாதமாக ஓடியது. புதிதாகப் போட்ட எதுவும் முதல் வாரம் வேகமாகத்தான் இருக்கும். பத்து நாளில் திரும்ப வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி வந்தது. மூன்றாவது முறை, ஃபைல்களைப் பிரித்து வைக்கும் கட்டத்தில் 63 சதவீதத்தில் அப்படியே நின்றது. பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டேன். டக்... டக்... டக். ஒரே சீராக, கதவைத் தட்டுகிற மாதிரி. டிஸ்க்கின் உள்ளே ஊசி தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டுகிற சத்தம் அது. அவர் பிள்ளைகளின் பதினோரு வருடப் படங்கள் அதோடு போயின. முதல் நாளே டிஸ்க்கைச் சோதித்திருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருக்கலாம். இன்றைக்கும் அந்த வருத்தம் என்னை விட்டுப் போகவில்லை.

சோதிப்பது பெரிய வேலை இல்லை. ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. திறந்ததும் டிஸ்க்கின் உடல்நிலையை நிறத்திலேயே சொல்லிவிடும்: நீலம் என்றால் நன்றாக இருக்கிறது, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் முடிந்தது. உங்களுடையது ஹார்ட் டிஸ்க் என்றால், கீழே உள்ள பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் இன்னும் முடிவு தெரியாமல் நிற்கும் பகுதிகள். சி6 என்பது சரிசெய்யவே முடியாத பகுதிகள். எனக்கு 05-ஐ விட சி5-தான் கவலை. அதில் பூஜ்யத்தைத் தவிர வேறு எது இருந்தாலும், அதுவும் நேற்றைவிட இன்று கூடியிருந்தால், அந்த டிஸ்க்கில் இனி எதையும் ஏற்றாதீர்கள். விண்டோஸின் டிஸ்க் சோதனையான ‘செக்டிஸ்க்’ ஓட்டச் சொல்வார்கள். ஃபைல்களை வெளியே எடுத்த பிறகு ஓட்டலாம், அதற்கு முன்னால் வேண்டாம். டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்கவைத்து, மிச்சம் இருக்கிற உயிரையும் அது வாங்கிவிடலாம்.

அப்புறம், டி டிரைவில் இருப்பதால் பயமில்லை என்றீர்கள். இங்கேதான் எனக்குப் பயம். பெரும்பாலான லேப்டாப்களில் சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். ஒரே வீட்டின் இரண்டு அறைகள். சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் டி தப்பிக்கும், உண்மைதான். ஆனால் டிஸ்க்கே போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும். ஆகவே இன்றைக்கே ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். விண்டோஸ் எழவே மறுத்தால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்ட பென் டிரைவிலிருந்து லேப்டாப்பை எழுப்பி, எதையும் நிறுவாமலே ஃபைல்களை எடுத்துவிடலாம். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

உங்கள் தொழிலுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: எழுத்துருக்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் டைப் செய்த ஃபைல்கள் உங்களிடம் நிச்சயம் இருக்கும். ஃபைலைக் காப்பாற்றி எழுத்துருவை விட்டுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? பாமினியில் அடித்த பக்கத்தைத் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் இருந்த இடத்தில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். புத்தகம் முழுக்க அப்படித்தான். எழுத்துருக்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’. இன்னொன்று உங்கள் பயனர் ஃபோல்டரில் ‘ஆப்டேட்டா’, அதற்குள் ‘லோக்கல்’, ‘மைக்ரோசாஃப்ட்’, ‘விண்டோஸ்’, ‘ஃபான்ட்ஸ்’ என்று ஒளிந்திருப்பது. சில வருடங்களாக, எழுத்துரு ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் அது இந்த இரண்டாவது இடத்துக்குத்தான் போகிறது. ‘ஆப்டேட்டா’ மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் எடுங்கள்.

சரி, எல்லாம் எடுத்தாயிற்று. இப்போது முடிவுக்கு வரலாம்.

சி5 பூஜ்யமாக இல்லை என்றால் ரீசெட்டும் வேண்டாம், ஃபார்மட்டும் வேண்டாம். சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றைப் புதிதாக வாங்கிப் போட்டு, அதில் விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி பத்திரமாக வையுங்கள், அழிக்காதீர்கள். மறந்துபோன ஏதோ ஒன்று மூன்று மாதம் கழித்து ஞாபகம் வரும். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் என்றால் உரிமம் மதர்போர்டைச் சார்ந்தது. டிஸ்க்கை மாற்றினாலும் போகாது. சாவி கேட்கும் இடத்தில் ‘என்னிடம் சாவி இல்லை’ என்று கொடுத்து, முன்பு இருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோமை, தேர்ந்தெடுங்கள். இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

டிஸ்க் நன்றாக இருந்தால், உள்ளதிலேயே சேதாரம் குறைந்த வழியிலிருந்து தொடங்குங்கள். அதை உங்களிடம் இரண்டு பேருமே சொல்லவில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் முழுவதும் ஒரே ஃபைலாக அடங்கிய ஐஎஸ்ஓவை இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே திறந்து ‘செட்அப்’பை இயக்கினால், ஃபைல், மென்பொருள், அமைப்பு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே விண்டோஸ் தன்னைத்தானே மறுபடி நிறுவிக்கொள்ளும். பென் டிரைவிலிருந்து பூட் செய்தால் இந்த வாய்ப்பு வராது, உள்ளிருந்துதான் தொடங்க வேண்டும். பாதிப்பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடுகிறது. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் ஐஎஸ்ஓ கூட வேண்டாம், செட்டிங்ஸில் ‘ரிக்கவரி’ பகுதியில் ‘ரீஇன்ஸ்டால் நவ்’ பட்டன் இதே வேலையைச் செய்கிறது.

அதற்கும் மசியாவிட்டால் ரீசெட். உங்கள் அண்ணன் மகன் சொன்னது பாதி சரி. ‘கீப் மை ஃபைல்ஸ்’ கொடுத்தால் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் எல்லாம் இருக்கும். நீங்கள் நிறுவிய மென்பொருள் ஒன்றுகூட இருக்காது. பக்கம் அமைக்கும் மென்பொருளையும் அதன் உரிம எண்ணையும் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பட்டனைத் தொட வேண்டும்.

வைரஸ் புகுந்துவிட்டது என்று தெரிந்தால் மட்டும் இந்தப் படிகளைத் தாண்டி, நேரே முழு ஃபார்மட்டுக்குப் போங்கள். அப்போது ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் நிறுவும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் தெரியாது. ‘டிரைவ் 0 பார்ட்டிஷன் 3’ என்ற மாதிரி எண்கள்தான் தெரியும். அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள். காப்பி எடுத்த வெளி டிஸ்க்கை அந்த நேரத்தில் செருகியே வைக்காதீர்கள்.

கேள்வி: அக்கா, ஃபார்மட் செய்யும் முன் பிரவுசரின் முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் காப்பி எடுத்தேன். புது விண்டோஸில் அதே இடத்தில் ஒட்டினேன். புக்மார்க் எல்லாம் வந்துவிட்டது. பாஸ்வேர்டு ஒன்றுகூட வரவில்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் காப்பியில் தவறு இல்லை தம்பி. புக்மார்க் சாதாரண எழுத்தாகச் சேமிக்கப்படுகிறது, யார் திறந்தாலும் படிக்கும். பாஸ்வேர்டை பிரவுசர் உங்கள் விண்டோஸ் கணக்கோடு சேர்ந்த ஒரு சாவியால் பூட்டி வைக்கிறது. ஃபார்மட்டில் பூட்டு தப்பித்தது, சாவி போய்விட்டது. அதே பெயரில், அதே பாஸ்வேர்டோடு கணக்கு தொடங்கியிருந்தாலும் புது விண்டோஸுக்கு அது வேறு ஆள்தான். கணினியைத் திருடி டிஸ்க்கைக் கழற்றிப் படிப்பவனிடமிருந்து காக்கத்தான் இந்த ஏற்பாடு.

முன்பு கூகுள் கணக்கில் சிங்க் போட்டிருந்தீர்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் உள்ளே நுழைந்ததும் திரும்ப வந்துவிடும். கைப்பேசியிலும் அதே கணக்கு இருந்தால் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லை என்றால், ஒவ்வொரு தளத்திலும் ‘மறந்துவிட்டேன்’ கொடுத்துப் புதிதாக வைப்பதுதான் வழி. மின்னஞ்சலில் இருந்து தொடங்குங்கள், மற்றவற்றின் சாவி அங்கேதான் வரும்.

கேள்வி: புதிதாக வாங்கி இரண்டு வருடம் ஆன லேப்டாப். பென் டிரைவில் விண்டோஸ் போட உட்கார்ந்தால், எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலியாக இருக்கிறது. டிஸ்க் செத்துவிட்டதா மேடம்? பழைய விண்டோஸ் மெதுவாகவாவது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பதில்: ஓடிக்கொண்டிருந்தது என்றால் சாகவில்லை. பதறாதீர்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் பல லேப்டாப்களில் டிஸ்க் ‘விஎம்டி’ என்ற ஏற்பாட்டின் பின்னால் நிற்கிறது. அதைப் பார்க்க டிரைவர் என்ற சிறு மென்பொருள் தனியாக வேண்டும், விண்டோஸின் நிறுவும் பென் டிரைவில் அது இருப்பதில்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து ‘இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ்’ டிரைவரை வேறு கணினியில் இறக்கி, பிரித்து (எக்ஸ்ட்ராக்ட் செய்து), அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போடுங்கள். பிரிக்காமல் போட்டால் வேலைக்கு ஆகாது. பட்டியல் காலியாக வரும் திரையில் ‘லோட் டிரைவர்’ கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்து நிற்கும். போகிற போக்கில் வைஃபை டிரைவரையும் இறக்கி வையுங்கள். விண்டோஸ் போட்டு முடித்தபின் இணையம் இல்லாமல் தவிப்பவர்கள் நிறைய.

கேள்வி: அப்பாவின் பழைய கணினி, இன்டெல் ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10 அடிக்கடி நின்றுபோகிறது. எப்படியும் திரும்பப் போடத்தான் வேண்டும். கணினி தகுதியானதா என்று பார்க்கும் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட வழி இருக்கிறது என்கிறார்கள். போடட்டுமா?

பதில்: வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, அதனால் அவசரம் புரிகிறது. ஆனால் குறுக்கு வழியில் போட்ட 11-க்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 11 கேட்கும் குறைந்தபட்ச ரேமே 4 ஜிபி, உங்கள் அப்பா காத்திருந்தே களைத்துப்போவார். வீட்டுக் கணினிகளுக்கு விண்டோஸ் 10-இன் பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கும் திட்டம் இருக்கிறது, விண்டோஸ் 10-ஐயே திரும்பப் போட்டால் அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

அப்பா செய்வது செய்தி படிப்பது, வீடியோ பார்ப்பது, கடிதம் டைப் செய்வது என்றால், லினக்ஸ் மின்ட்டை நான் மனதாரச் சொல்வேன். தமிழ்99 விசைப்பலகை அதில் உண்டு. உடனே நிறுவிவிடாதீர்கள். பென் டிரைவிலிருந்து ஓட்டி இரண்டு நாள் அவரையே பயன்படுத்தச் சொல்லுங்கள். பென் டிரைவில் மெதுவாகத்தான் இருக்கும், அதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். வைஃபை கிடைக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, எழுத்து அவர் கண்ணுக்குப் போதுமான அளவில் தெரிகிறதா என்று பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் கணினியை அணைத்து, பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். பழைய விண்டோஸ் இருந்தபடியே எழுந்து வரும்.