பங்காளி வீட்டுப் பழம்பொருளை வாங்கி இணையத்தில் விற்கலாமா?

கேள்வி: நான் காரைக்குடியில் வசிக்கிறேன். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும், இடிக்கப்படும் செட்டிநாட்டு வீடுகளிலும் மலிவாகக் கிடைக்கும் எனாமல் தூக்குகள், பித்தளைச் சாமான்கள், மர வேலைப்பாடுகள் ஆகியவற்றை வாங்கி, துலக்கி, இன்ஸ்டாகிராமில் படம் போட்டு லாபத்துக்கு விற்று வருகிறேன். ஒரு வீட்டின் பங்காளியிடம் வாங்கிய, கஜலட்சுமி செதுக்கிய நிலைப் பலகையைப் பெங்களூருவில் உள்ள ஒருவருக்கு விற்றேன். படத்தைப் பார்த்த மற்றொரு பங்காளி, அது பொதுச் சொத்து என்றும் 15 நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியிருக்கிறார். சிங்கப்பூருக்கு அனுப்பிய குத்துவிளக்கும், தூணின் தலைப்பகுதியான மரப் போதிகையும் சென்னை விமான நிலையச் சுங்கத் துறையால் நிறுத்தப்பட்டு, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கேட்கப்படுகிறது. ஊர் ஊராகச் செல்லும் வியாபாரி ஒருவரிடம் மிகக் குறைந்த விலைக்கு வாங்கிய, ஓர் அடி உயர அம்மன் செப்புத் திருமேனி ஒன்றையும் விற்பனைக்கு வைத்திருக்கிறேன். என் தொழிலே சட்டவிரோதமா?

பதில்: மலிவாக வாங்கிய பழைய பொருளை அதிக விலைக்கு விற்பது குற்றமல்ல, லாபத்துக்குச் சட்டம் வரம்பு எதுவும் விதிக்கவில்லை. ஆனால் விற்றவருக்கு அந்தப் பொருளை விற்கும் உரிமை இருந்ததா, அந்தப் பொருளின் வயது என்ன என்ற இரண்டையும் வாங்கும்போதே நீங்கள் விசாரித்திருக்க வேண்டும். உங்கள் மூன்று சிக்கல்களும் அவற்றை விசாரிக்காததால் வந்தவையே. நீங்கள் கடைசியாகச் சொன்ன திருமேனியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அவசரம் அதில்தான் இருக்கிறது.

அந்தத் திருமேனியை விற்கும் முயற்சியை இன்றே நிறுத்துங்கள். தற்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் நேர்மையற்ற முறையிலோ ஒரு பொருளைப் பெறுவதை மட்டுமல்லாமல், தொடர்ந்து வைத்திருப்பதையும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது; அத்தகைய பொருள்களை வாங்கி விற்பதையே வழக்கமாகக் கொண்டவருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். முகவரி தெரியாத ஒருவர், ரசீது இல்லாமல், செம்பின் எடைக்குக்கூடக் கட்டுப்படியாகாத விலைக்கு அம்மன் திருமேனியைக் கொடுத்தார் என்றால், சந்தேகிக்கக் காரணம் இருந்தது என்பதற்கு அந்த விலையே சாட்சியாகும். தமிழ்நாட்டில் 1983 முதல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு இயங்குகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து கோயில்களில் எடுத்துச் சேர்த்த புகைப்படங்களோடு ஒப்பிட்டுக் களவுபோன படிமங்கள் பல அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. ஆகவே நீங்கள் இணையத்தில் போட்ட ஒரு படமே விசாரணைக்குத் தொடக்கமாகலாம்.

அதற்காகப் பதறிப்போய்ப் படத்தை அழிப்பதோ, திருமேனியை வியாபாரியிடமே திருப்பிக் கொடுப்பதோ, உருக்கிவிடுவதோ கூடாது. மறைக்க உதவுவதும் அதே பிரிவின் கீழ் தனிக் குற்றம். எந்த நாளில், யாரிடம், எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள் என்பதை எழுதிவைத்து, பணம் செலுத்திய விவரத்தைச் சேர்த்து, உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் மூலமாகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். அந்தப் பணம் போய்விடும் என்ற வருத்தம் நியாயமானதே. ஆனாலும், சந்தேகம் எழுந்தவுடன் தாமாக முன்வந்து சொன்னவரின் நிலையும், காவலர்கள் தேடிவந்த பிறகு விளக்கம் சொன்னவரின் நிலையும் நீதிமன்றத்தில் ஒன்றாக இருப்பதில்லை.

அடுத்தது வயது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், நூறு ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள் போன்றவற்றைத் தொல்பொருள் என்கிறது. வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டுகளே போதும். செட்டிநாட்டில் இந்த வியாபாரம் செய்வோர் பலர் கவனிக்காத ஒரு தொடரும் அந்த வரையறையில் இருக்கிறது: கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட எந்தப் பொருளும், நூறு ஆண்டு கடந்திருந்தால், தொல்பொருளே. நிலை, போதிகை, தூண் எல்லாம் இதில் அடங்கும். அத்தகையவற்றை விற்கும் தொழிலை, ஐந்தாவது பிரிவின்படி, உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். உலோக, கல், மரச் சிற்பங்களுக்கு உரிமையாளர் தனியாகப் பதிவுச் சான்றும் பெற வேண்டும். உங்கள் எனாமல் தூக்குகளில் 1930-களிலோ அதற்குப் பிறகோ வந்தவை இந்தச் சட்டத்தின் கீழ் வாரா. அவற்றைத் தயக்கமின்றி விற்கலாம். யானைத் தந்தம் பதித்த பெட்டி கிடைத்தால் மட்டும், எவ்வளவு பழையதாக இருந்தாலும், வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதன் வணிகமே தடை செய்யப்பட்டிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. விலை ஏற வேண்டும் என்பதற்காக, எண்பது வருடப் பொருளுக்கும் ‘நூற்றைம்பது வருடப் பழமை’ என்று படத்தின் கீழ் எழுதும் பழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. அந்த வரி, பொருள் தொல்பொருள்தான் என்று நீங்களே கொடுத்த வாக்குமூலமாக உங்களுக்கு எதிராகத் திரும்பும். பொருள் அவ்வளவு பழையதல்ல என்று பின்னர் நிரூபித்தாலோ, வாங்கியவரை ஏமாற்றியதாக நுகர்வோர் ஆணையத்தில் புகார் வரும். தெரிந்த வயதை மட்டும் எழுதுங்கள்.

சிங்கப்பூர் பார்சலைப் பொறுத்தவரை, தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரமளித்த அமைப்புக்கும் மட்டுமே உண்டு. தனிநபர் அனுப்பினாலும், அனுப்ப முயன்றாலும், ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை இருக்கிறது. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்ற ஐயத்தைத் தீர்க்கும் அதிகாரத்தை 24ஆவது பிரிவு இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநருக்கோ அவர் அதிகாரமளித்த அலுவலருக்கோ தருகிறது. எனவே குத்துவிளக்கையும் போதிகையையும் அத்துறையின் ஆய்வுக்கு உட்படுத்தச் சம்மதித்துச் சுங்கத் துறைக்கு எழுதுங்கள். குத்துவிளக்கு அண்மைக் காலத்தது என்றால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்று கிடைக்க வாய்ப்பு உண்டு. போதிகை எந்த வீட்டிலிருந்து வந்தது, அந்த வீடு எப்போது கட்டப்பட்டது என்பதை முதலில் விசாரியுங்கள். சுங்க அதிகாரி முன் சுங்கச் சட்டத்தின் 108ஆவது பிரிவின் கீழ் தரும் வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்படும் என்பதால், ஊகத்தில் எதையும் சொல்ல வேண்டாம்.

வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்வதால், கிடைக்கும் லாபம் தொழில் வருமானம். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆனால் பெங்களூருவுக்கு விற்பதுபோல் வெளிமாநில விற்பனை செய்தால் அந்த வரம்பு பொதுவாகப் பொருந்தாது. பதிவு செய்தவர், பழைய பொருளுக்கு உள்ளீட்டு வரியை (வாங்கும்போது செலுத்திய வரியை) கழித்துக்கொள்ளாதவரை, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம் என்று 32(5)ஆவது விதி சலுகை தருகிறது. துலக்கி மெருகேற்றுவதால் அந்தச் சலுகை போகாது.

இனி பங்காளியின் அறிவிப்பு. சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 27ஆவது பிரிவின்படி, தமக்கு இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்குக் கொடுக்க முடியாது. இதற்கு விலக்காக 28ஆவது பிரிவு இருக்கிறது: கூட்டு உரிமையாளர்களுள் ஒருவரிடம், மற்றவர்களின் சம்மதத்தோடு, பொருள் தனிப் பொறுப்பில் இருந்து, வாங்கியவர் நல்லெண்ணத்தோடும் விற்றவருக்கு அதிகாரமில்லை என்று அறியாமலும் வாங்கியிருந்தால், வாங்கியவருக்கு உரிமை வந்துவிடும். உங்கள் வழக்கு இந்தச் சிறு இடைவெளியில்தான் நிற்கிறது.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே இதில் சாட்சியம் ஆகிறது. வீட்டின் நடு முற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒவ்வொரு பங்காளிக்கும் தனி அறை உண்டு. அந்த அறைக்குள் இருந்த பெட்டியோ பாத்திரமோ அவருடைய தனிப் பொறுப்பில் இருந்தது என்று வாதிடலாம். அதிலும் ஆச்சிக்குச் சீராக வந்த சாமான் அவருடைய சீதனம். அதைக் கணவர்கூட அவர் சம்மதமின்றி விற்க முடியாது, பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயரெழுத்து யாருடையது என்று பார்க்காமல் வாங்குவது தவறு. ஆனால் முகப்பும் வளவும் எல்லாருக்கும் பொது. அங்கிருந்த நிலையைப் பெயர்ப்பது வீட்டின் ஒரு பகுதியையே பெயர்ப்பதாகும், அதற்கு ஒரு பங்காளியின் கையெழுத்து போதாது. ஆகவே பலகை எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதே முதல் கேள்வி. தனி அறையின் நிலை என்றால் உங்கள் வாதத்துக்கு வலு உண்டு. முகப்பு நிலை என்றால் அது பலவீனம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இது பொதுவாக உரிமையியல் தகராறே. பங்காளி ஒருவர் விற்றார் என்பதற்காக உங்களைத் திருட்டுப் பொருள் வாங்கியவராக எளிதில் ஆக்கிவிட முடியாது. அறிவிப்பு அனுப்பியவர் வென்றால், பெங்களூரு வாடிக்கையாளர் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின் கீழ் தம் பணத்தை உங்களிடம் கேட்பார். நீங்கள் அதே பிரிவின் கீழ் உங்களுக்கு விற்ற பங்காளியிடம் கேட்கலாம். அதனால் விற்ற பங்காளிக்கும் உடனே எழுத்தில் தெரிவித்து, மற்றவர்களின் சம்மதம் தமக்கு இருந்தது என்பதற்கான ஆதாரத்தைக் கேளுங்கள்.

அறிவிப்புக்கான பதில், 15 நாள் கெடு முடியும் முன், வழக்கறிஞர் மூலம் பதிவு அஞ்சலில் போக வேண்டும். நீங்கள் யாரிடம், எந்த நாளில், எந்த விலைக்கு வாங்கினீர்கள் என்பதும், நல்லெண்ணத்தோடு வாங்கினீர்கள் என்பதும், பலகை இப்போது உங்கள் வசம் இல்லை என்பதும் அதில் இருந்தால் போதும். பலகையின் வயதைப் பற்றி அந்தக் கடிதத்தில் எதுவும் எழுத வேண்டாம். பதில் போகும்வரை அறிவிப்பு அனுப்பிய பங்காளியிடம் தொலைபேசியில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.