சேமித்த வைஃபை பெயர்கள்: எதை அழிப்பது, எதை விடுவது

கேள்வி: அண்ணா, என் ஆண்ட்ராய்டு போன்ல நாற்பது வைஃபை பெயர் சேர்ந்து கிடக்கு. எல்லாத்தையும் அழிக்கணுமா?

பதில்: வேண்டாம் தம்பி. பாஸ்வேர்டு இல்லாதவற்றை முதலில் எடுங்கள். ஆபத்து அங்கேதான். பாஸ்வேர்டு உள்ள நெட்வொர்க்கின் பெயரில் ஒருவர் போலி வைத்தாலும், அதே பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாவிட்டால் உங்கள் போன் அதில் சேராது. திறந்த நெட்வொர்க்குக்குப் பெயர் ஒன்றே போதும். ரயில் நிலையத்தில் ‘ரயில்வயர்’ என்ற வைஃபையைப் பயன்படுத்தியிருப்பீர்கள். ஓடிபி கேட்டதால் அது பூட்டியது என்று எண்ண வேண்டாம். போன் இணைந்த பிறகுதான் ஓடிபி பக்கமே வருகிறது. அந்தப் பெயரை எவரேனும் தன் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்தால், பையில் இருக்கும் போன் உங்களைக் கேட்காமலே ஒட்டிக்கொள்ளலாம்.

சேமித்த பட்டியலைப் பார்க்க ‘செட்டிங்ஸ்’ போங்கள். பல போன்களில் ‘நெட்வொர்க் & இன்டர்நெட்’, ‘இன்டர்நெட்’, ‘சேவ்டு நெட்வொர்க்ஸ்’. சாம்சங்கில் ‘கனெக்‌ஷன்ஸ்’, ‘வைஃபை’, மூன்று புள்ளி, ‘அட்வான்ஸ்டு’, ‘மேனேஜ் நெட்வொர்க்ஸ்’. பெயரைத் தொட்டதும் ‘செக்யூரிட்டி’ வரியைப் பாருங்கள். ‘நன்’ அல்லது ‘ஓப்பன்’ என்றிருந்தால் ‘ஃபர்கெட்’ கொடுங்கள். அடிக்கடி தேவைப்படும் இடமென்றால் ‘ஆட்டோ கனெக்ட்’டை மட்டும் அணைத்தாலும் போதும்.

கேள்வி: ஐபோனில் எப்போதோ தங்கிய ஹோட்டல் பெயரைத் தேடினேன், காணவில்லை சார்.

பதில்: ஐஓஎஸ் 16 முதல் வைஃபை பக்கத்தின் மேல் வலப்பக்கம் ‘எடிட்’ இருக்கிறது. அதைத் தொட்டு ஃபேஸ் ஐடி கொடுத்தால் முழுப் பட்டியலும் வரும். ஐஓஎஸ் 15 வரை, அந்த நெட்வொர்க் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் தனியாக நீக்க முடியும். இல்லையென்றால் போனில் ‘ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்’ ஒன்றே வழி. அது வீட்டு வைஃபை, விபிஎன், ஏபிஎன் (மொபைல் டேட்டா அமைப்பு) எல்லாவற்றையும் துடைத்துவிடும். இன்னொன்று: பாஸ்வேர்டுகளை உங்கள் ஆப்பிள் கருவிகளுக்குள் பகிரும் ஐகிளவுட் கீசெயின் ஓடினால், போனில் நீக்கியது ஐபேடிலும் மேக்கிலும் போய்விடும்.

கேள்வி: அலுவலக லேப்டாப்பில் ஒரு பெயருக்கு மட்டும் ‘ஃபர்கெட்’ வேலை செய்யவில்லை.

பதில்: அது நிர்வாகம் ஏற்றிய நெட்வொர்க், ஐடி பிரிவுதான் எடுக்க முடியும். சிம் நிறுவனம் போனில் ஏற்றும் வைஃபையும் இப்படித்தான், தானாக இணைவதை அணைப்பதோடு சரி.

கேள்வி: ரவுட்டர் மாற்றினோம். பெயர், பாஸ்வேர்டு இரண்டும் பழையவைதான். ஆனாலும் விண்டோஸ் 11 லேப்டாப் சேர மறுக்கிறது.

பதில்: பெயர், பாஸ்வேர்டோடு பாதுகாப்பு வகையையும் லேப்டாப் சேமிக்கிறது. பழைய ரவுட்டர் டபிள்யூபிஏ2, புதியது டபிள்யூபிஏ3 என்றால் இரண்டும் பொருந்தாமல் போகலாம். ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க் & இன்டர்நெட்’, ‘வைஃபை’, ‘மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்’ போய் ‘ஃபர்கெட்’ கொடுத்து, புதிதாகச் சேருங்கள். அப்போதும் மறுத்தால் லேப்டாப்பின் வைஃபை கார்டுக்கு டபிள்யூபிஏ3 தெரியாமல் இருக்கலாம். ரவுட்டரில் இரண்டும் கலந்த வகையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: வீட்டு வைஃபை பெயரை மறைத்து வைத்திருக்கிறேன். நல்லதுதானே?

பதில்: இல்லைம்மா. மறைத்த நெட்வொர்க்கைக் கண்டுபிடிக்க போன்தான் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கடைத்தெருவிலும் பேருந்திலும் அதே கூப்பாடு. மறைப்பை எடுங்கள். அதோடு, போனில் பழைய பதிவை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். ‘மறைந்தது’ என்ற குறி அந்தப் பதிவிலேயே ஒட்டியிருக்கும்.

கேள்வி: காலி செய்துபோன குடித்தனக்காரர் போனில் எங்கள் பாஸ்வேர்டு இருக்கிறது. இங்கிருந்தே அழிக்கலாமா?

பதில்: முடியாது. ‘ஃபர்கெட்’ என்பது நம் கையில் உள்ள கருவிக்கு மட்டும். ரவுட்டரில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். உள்ளே போகும் முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. மாற்றும் முன் டிவி, பிரிண்டர், சிசிடிவி கேமரா என்று எதெல்லாம் வைஃபையில் ஓடுகிறது என எழுதி வையுங்கள், ஒவ்வொன்றிலும் புதிய பாஸ்வேர்டு போட வேண்டிவரும். கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே சேரும், அதனால் அந்த அலைவரிசையை அணைத்துவிடாதீர்கள். அடுத்து வருபவருக்கு ‘கெஸ்ட் நெட்வொர்க்’ (அதே ரவுட்டரில் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு) திறந்து கொடுங்கள். அவர் போன பிறகு அதன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும்.