தாயின் சாவுக்குப் போகாத மகள்: காரணத்தை எங்கே சொல்வது?

கேள்வி: என் நாவலின் முதல் அத்தியாயத்தில், தாயின் இறுதிச் சடங்குக்கு வர முடியாது என்று நாயகி மறுத்துவிடுகிறாள். சிறுவயதில் தாய் அவளை இருட்டறையில் வைத்துப் பூட்டிய கதை ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் வருகிறது. படித்துப் பார்த்தவர்கள் அவளைக் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள். ஒன்பதைத் தாண்டிய பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. இருட்டறைக் கதையை முதலிலேயே வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வைத்தால் அவள்மேல் பரிதாபம் வரும், ஆனால் அவளைப் பற்றி யோசிக்க வாசகருக்கு எதுவும் மிச்சமிருக்காது. சாவுக்குப் போகாததை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. உங்கள் வரிசை சரியானதுதான். அதைத் தாங்கும் வேலைகள் சில பாக்கி இருக்கின்றன.

முதலில் பதிந்தது எளிதில் அழியாது. உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் 1957இல் வெளியிட்ட ஆய்வில் ஜிம் என்ற கற்பனை இளைஞனைப் பற்றி இரண்டு பத்திகளைப் படிக்கக் கொடுத்தார். ஒன்றில் அவன் கலகலப்பானவன், மற்றதில் ஒதுங்கிப் போகிறவன். எந்தப் பத்தி முதலில் வந்ததோ, பெரும்பாலும் அதுவே அவன் சுபாவம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. இடையில் வேறு வேலை ஏதாவது கொடுத்தபோது அந்தப் பிடி தளர்ந்தது. எனவே எட்டாம் அத்தியாயத்தில் அவளை விட்டு விலகி வேறொருவர் கதைக்குப் போய்வாருங்கள். ஒன்பது புதிதாகக் காதில் விழும்.

தாமதமாகச் சொல்வதன் வலிமைக்குச் சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். மதம்பிடித்த யானையின் கையில் சிக்கிய முதிய அந்தணரைக் கோவலன் பாய்ந்து மீட்டது புகாரில், மணிமேகலைக்குப் பெயர் சூட்டிய நாளில். காலவரிசைப்படி அது புகார்க் காண்டத்தில் வர வேண்டிய செய்தி. அங்கே வந்திருந்தால் மனைவியை விட்டுப் போனவன்மேல் நமக்கு எழும் கோபம் பாதி தணிந்திருக்கும். இளங்கோ அதை அடைக்கலக் காதைவரை ஒளித்துவைத்து மாடலன் என்ற அந்தணன் வாயால் சொல்லவைக்கிறார். 'கருணை மறவன்' என்று நாம் கேட்கும்போது அவன் பொருளிழந்து மதுரையின் புறஞ்சேரியில் நிற்கிறான். அடுத்ததே கொலைக்களக் காதை. அந்த நல்ல செயல் அவன் பழைய தவற்றை அழிக்கவில்லை, வரப்போகும் சாவைத் தாங்க முடியாததாக ஆக்குகிறது. பின்கதையை எங்கே வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது: அது அடுத்து நடக்கப்போவதன்மேல் விழ வேண்டும். ஒன்பதாம் அத்தியாயம் முதல் அத்தியாயத்துக்கு விளக்கம் மட்டும் தந்தால் அது சமாதானமாகத்தான் ஒலிக்கும். பத்தாம் அத்தியாயத்தில் அவள் ஒரு முடிவு எடுக்கட்டும், உதாரணமாக அந்த வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்று.

அடுத்தது முதல் காட்சி. "வரவில்லை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்ததும், அவள் எழுந்து போய் வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறந்துவைப்பதாக எழுதிப் பாருங்கள். முதல் வாசிப்பில் அது அலட்சியம், துக்கமே இல்லாத ஒருத்தி காற்றுக்காகக் கதவைத் திறக்கிறாள். ஒன்பதைப் படித்தவருக்கு அதே வரி வேறு. விளக்கத்தில் ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள். வாசகரே திரும்பிப் போய்த் தன் தீர்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்த ஏதாவது பிடி இருந்தால்தான் அது நடக்கும். உங்கள் பிரதியில் இப்போது குறைவது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முதல் அத்தியாயத்தை அவள் மனத்துக்குள்ளிருந்து எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். அவள் நினைப்பதையெல்லாம் சொல்லிவிட்டு இருட்டறையை மட்டும் மறைத்தால், வாசகர் தான் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். அந்தக் கோபம் அவள் தலையில்தான் விழும். தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் தம்பியின் பார்வையில் அந்த உரையாடலை எழுதலாம். அவள் அழைப்பைத் துண்டிக்காமல் தொலைபேசியைக் கீழே வைத்துவிட, கதவுகள் திறக்கும் ஓசை மட்டும் அவனுக்குக் கேட்கட்டும்.