முதலில் ஆசிரியர் எழுதட்டும்

கேள்வி: அன்புள்ள ரீச்சர், நான் தமிழ்ப் பாடத்துக்கான ஆசிரிய ஆலோசகர். அடுத்த தவணையில் 24 ஆசிரியர்களுக்கு இலக்கியம் கற்பித்தல், ஆக்க எழுத்து இரண்டையும் சேர்த்து இரண்டு நாள் செயலமர்வு நடத்தவேண்டும். போன முறை வந்த வளவாளர் சிறுகதையின் இலக்கணத்தைச் சொல்லச் சொல்ல எல்லோரும் கொப்பியில் எழுதினார்கள். பிறகும் பிள்ளைகளின் கட்டுரைகளில் ஒரு மாற்றமும் இல்லை. எங்கள் ஆசிரியர்களில் பலர் ஒரு கதைகூட எழுதியதில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, மல்லாவி

பதில்: அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கேள்வியின் கடைசிக்கு முந்தின வரியிலேயே பதில் இருக்கிறது. அவர்கள் ஒரு கதைகூட எழுதியதில்லை. அப்படியென்றால் முதல் நாள் காலையிலேயே எழுத வையுங்கள். வரவேற்புரையைச் சுருக்கிக்கொள்ளலாம். நீச்சல் தெரியாதவர் குளக்கட்டில் நின்று நீந்தக் காட்டிக்கொடுக்க முடியாது. எழுத்தும் அப்படித்தான்.

ஆனால் ‘ஒரு சிறுகதை எழுதுங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். எல்லோரும் பயந்துபோவார்கள். சின்னதாய்க் கேளுங்கள். நான் வழக்கமாகக் கேட்பது பாலைப்பழம் பற்றி. வன்னிப் பிள்ளையிடம் ‘எனக்குப் பிடித்த பழம்’ என்று தலைப்புக் கொடுத்தால் அப்பிளைப் பற்றி எழுதுகிறது. மாதிரிக் கட்டுரையில் அப்பிள்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் தகப்பன் காட்டுக்குப் போய் வாளி நிறையப் பாலைப்பழம் கொண்டுவந்திருப்பார். பிள்ளை அதைத் தின்று, பால் ஒட்டின உதட்டைத் தேய்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் வந்திருக்கும். அந்த உதடு கட்டுரைக்குள் வரவேயில்லை.

ஆசிரியர்களிடம் இதைச் சொல்லி, ‘கடைசியாக எப்போது பாலைப்பழம் சாப்பிட்டீர்கள், யார் கொண்டுவந்து தந்தது, எதில் கொண்டுவந்தார்கள்’ என்று கேட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். ‘இனிமையான’, ‘அழகான’, ‘பாசமான’ என்ற மூன்று சொற்களையும் அன்றைக்கு மட்டும் தடைசெய்யுங்கள். ஒரு செயலமர்வில் ஓர் ஆசிரியை ‘என் அம்மா மிகவும் பாசமானவர்’ என்று தொடங்கினார். பாசம் என்று சொல்லாமல் அதைக் காட்டுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘பழத்தை எங்களுக்குப் பிரித்துத் தந்துவிட்டு அம்மா வாளியைக் கழுவப் போய்விடுவா’ என்று எழுதினார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாருக்கும் நான் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

நீங்களும் அவர்களோடு இருந்து எழுதவேண்டும், எழுதியதை முதலில் வாசிக்கவும் வேண்டும். ஆலோசகர் வாசித்தால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்லவேண்டும். உங்கள் அறையில் இருக்கப்போகிறவர்களில் முப்பதுகளில் இருப்பவர்கள் யுத்தம் முடிந்த 2009இல் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அல்லது அப்போதுதான் படித்து முடித்தவர்கள். பழத்தைப் பற்றிக் கேட்டாலும் சிலருக்கு இடம்பெயர்வுதான் வரும். வந்தால் வரட்டும், தடுக்கவேண்டாம். ஆனால் ‘உங்கள் வாழ்க்கையின் துயரமான நாள்’ என்று ஒருபோதும் தலைப்புக் கொடுக்காதீர்கள். வாசிக்க விரும்பாதவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்பதை எழுதத் தொடங்குவதற்கு முன்னமே சொல்லிவிடுங்கள். அழுதவரைச் சுற்றிக் கூட்டம் சேர்க்கவேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். இதே ஒழுங்கைத்தான் அவர்கள் தங்கள் வகுப்புக்கும் கொண்டுபோகவேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளை இருக்கும் வகுப்பில் ‘என் தந்தை’ என்ற தலைப்பு எவ்வளவு கனமானது என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சரி, இலக்கியத்துக்கு வருவோம். நம் வகுப்புகளில் பாடல் பிந்தித்தான் வருகிறது. முதலில் புலவர் வரலாறு, பிறகு அருஞ்சொல், பிறகு பொழிப்பு, பிறகு நயம். பிள்ளை பாட்டைக் கேட்பதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. அந்த வரிசையைத் தலைகீழாக்கிக் காட்டுங்கள். வாய்விட்டு இரண்டு தரம் வாசிப்பு, எது காதில் நின்றது என்று ஒரு கேள்வி, அதற்குப் பிறகே விளக்கம்.

இதைச் செய்து பார்க்கச் சிலப்பதிகாரத்தைவிட நல்ல இடம் வன்னியில் இல்லை. கண்ணகி பாண்டியன் அவையில் சிலம்பை உடைக்கும் பகுதியை வாசியுங்கள். உடனே வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் கதையை ஓர் ஆசிரியரைக் கொண்டு சொல்லவையுங்கள். முல்லைத்தீவுப் பக்கத்து ஆசிரியர் ஒருவராவது இருப்பார், அவருக்கு இது பாட்டி சொன்ன கதை. மதுரையை எரித்த பிறகு கண்ணகி நந்திக்கடல் ஓரம் ஒரு கிழவியாக வருகிறாள். மாடு மேய்க்கும் பொடியன்களிடம் விளக்கேற்றச் சொல்கிறாள். எண்ணெய் இல்லை என்கிறார்கள். கடல்தண்ணீரை அள்ளி ஊற்றச் சொல்கிறாள், எரிகிறது. தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். மயிரை விலக்கினால் உள்ளே எல்லாம் கண்கள். இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு உப்புத்தண்ணீரில் விளக்கு ஏற்றுகிறார்கள்.

இப்போது இரண்டு கேள்வி. அவையில் நின்ற பெண்ணும் பேன் பார்க்கச் சொன்ன கிழவியும் எங்கே ஒன்றாகிறார்கள்? அன்று பின்னேரம் அந்தப் பொடியன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பான்? முதலாவது இலக்கிய நயம், இரண்டாவது ஆக்க எழுத்து. இரண்டையும் தனித்தனிப் பாடமாக நினைக்கும் ஆசிரியர் அந்தப் பொடியனின் வார்த்தைகளை எழுதும்போது கதையைத் திரும்பத் திரும்ப உற்றுப் பார்ப்பார். மாடுகளை யார் பார்த்துக்கொண்டார்கள், அவன் பயந்தானா, அம்மா நம்பினாளா என்று தேடுவார். நயம் என்பது அந்தத் தேடல்தான்.

திருத்துவதைப் பற்றிக் கட்டாயம் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பிள்ளையின் ஒரே கொப்பிப் பக்கத்தைப் பிரதியெடுத்து எல்லோருக்கும் கொடுங்கள். ணகர னகரப் பிழையைத் தொடாமல், உயிருள்ள ஒரு வரிக்குக் கீழே மட்டும் கோடிட்டு, ஏன் பிடித்தது என்று பக்கத்தில் ஒரு வசனம் எழுதச் சொல்லுங்கள். இருபது வருடம் சிவப்புப் பேனையோடு இருந்தவருக்கு இது கஷ்டம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. எழுத்துப்பிழையை இரண்டாம் வாசிப்பில் திருத்தலாம், அது ஓடிப்போகாது.

‘பாடத்திட்டம் முடியாது, சாதாரண தரப் பரீட்சை இருக்கிறது’ என்று யாராவது எழும்பிச் சொல்வார். அது நியாயமான கவலை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பாடவேளை இரண்டைச் சேர்த்துக் கேளுங்கள், அதற்குமேல் கேட்கவேண்டாம். பரீட்சையிலும் கட்டுரை வரத்தான் செய்கிறது. மனப்பாடம் செய்த ‘வானம் இருண்டது’ எத்தனை தாளில் வருகிறது என்று விடைத்தாள் திருத்தியவர்களிடமே கேட்டுப் பாருங்கள். ‘மழை வந்தால் உங்கள் வீட்டில் புத்தகப் பையை எங்கே வைப்பீர்கள்’ என்று கேட்ட வகுப்பில் இருந்து அப்படி ஒரு வரி வராது.

இரண்டு நாளோடு விட்டுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மாதத்தில் ஒரு பின்னேரம், ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில், ஆளுக்கு ஒரு பிள்ளையின் எழுத்தும் தன் எழுத்தும் கொண்டுவந்து வாசிக்கட்டும். ஆறு பேர் வந்தாலும் போதும். வருட முடிவில் அதையெல்லாம் சேர்த்து ஒரு கையெழுத்துச் சஞ்சிகை கட்டுங்கள். அச்சுக்குக் காசு தேடி அலையவேண்டாம், நல்ல கையெழுத்துள்ள பிள்ளையும் தையல் ஊசியும் போதும். முதல் இதழில் ஒரு பிரதி எனக்கு வேண்டும், தபாலில் அனுப்பிவிடுங்கள்.