பெரிய பைக் மீனை விடுங்கள், சின்னதைச் சட்டிக்கு எடுங்கள்

தூண்டில் பக்கம்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் பைக் மீனைப் பற்றி, அதாவது மற்ற மீனைத் தின்று வாழும் பல் நிறைந்த அந்த ஏரி மீனைப் பற்றி, நாலு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களே இந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டன. பாஸ், வால்ஐ மீன்களைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மருமகன் சிம்கோ ஏரியில் 33 அங்குலப் பைக் ஒன்றைப் பிடித்து, 'ட்ரோஃபி' என்று வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் படம் அனுப்பினான். அவனுடைய சிநேகிதர்கள் இதெல்லாம் ட்ரோஃபியா என்று கேலி செய்கிறார்கள். உண்மையில் எத்தனை அங்குலம் வேண்டும்? (வாசகர், அஜாக்ஸ்)

பதில்: 33 அங்குலம் நல்ல மீன்தான். ஆனால் சிநேகிதர்கள் சொல்வதில் பிழை இல்லை. ட்ரோஃபி, அதாவது பெருமையாகக் காட்டத்தக்க பெரிய மீன் என்று சொல்ல, வட அமெரிக்காவில் பைக் பிடிக்கிறவர்கள் மனதில் போட்டு வைத்திருக்கும் கோடு 40 அங்குலம். கனடாவின் மனிற்றோபா மாகாணம் பெரிய மீன் பிடித்தவர்களுக்கு 'மாஸ்டர் ஆங்லர்' சான்றிதழ் கொடுக்கிறதே, அதற்குப் பைக் 104 சென்ரிமீற்றர், அதாவது 41 அங்குலம் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் நீளத்தைக் கேட்கமாட்டார்கள், எடையைத்தான் கேட்பார்கள். 20 இறாத்தலைத் தாண்டினால்தான் அங்கே பேச்சு. உலக சாதனையாகப் பதிவாகியிருப்பது 1986இல் ஜெர்மனியில் லோதர் லூயிஸ் பிடித்த மீன்: 55 இறாத்தல் 1 அவுன்ஸ். வட அமெரிக்காவில் இன்றும் பேசப்படுவது நியூயோர்க் மாநிலத்தின் சக்கன்டாகா ஏரியில் 1940இல் பீற்றர் டுபுக் பிடித்த 46 இறாத்தல் 2 அவுன்ஸ் பைக்.

என்னைக் கேட்டால் ஏரியையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆழமும் குளிரும் கொழுத்த இரைமீனும் உள்ள வடக்கு ஏரியில் 40 அங்குலம் கேட்பது நியாயம். கோடையில் அடிவரை சூடாகிவிடும் சின்ன ஏரியில் 36 அங்குலம் வந்தாலே அந்த ஏரிக்கு அதுதான் ராணி. ராணி என்று சும்மா சொல்லவில்லை. ஆண் பைக் அவ்வளவுக்கு வளர்வதில்லை. ட்ரோஃபி அளவுக்கு வருவது அநேகமாக எல்லாமே பெண்தான்.

அளக்கும்போது வாயை மூடி, வாலின் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். தராசு இல்லையென்றால் நீளத்தைச் சுற்றளவால் இரண்டு முறை பெருக்கி 800ஆல் வகுத்தால் இறாத்தலில் எடை வரும், எல்லாம் அங்குலக் கணக்கில். 40 அங்குல நீளம், 18 அங்குலச் சுற்றளவு என்றால் 16 இறாத்தல் சொச்சம். படத்தை நம்ப வேண்டாம். கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் நெத்தலியும் பாரையாகத் தெரியும்.

கேள்வி: 'குஞ்சை விடு, பெரிசை எடு' என்று எங்கள் அப்பா கடலில் சொல்லித்தந்தார். இங்கேயும் அப்படித்தான் செய்கிறேன். ஒரு வெள்ளைக்கார முதியவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஏன்? (வாசகர், கோர்ன்வால்)

பதில்: அந்த முதியவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நானும் பருத்தித்துறைப் பக்கத்தில் வளர்ந்தவன்தான், அப்பா சொன்னதன் நியாயம் எனக்குத் தெரியும். ஆனால் மூடிய ஏரியில் வாழும் பைக்குக்கு அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும்.

ஐஸ் உருகியதும் கரையோரப் புல்லுக்குள் வெள்ளம் ஏறும். பைக் முட்டையிடுவது அங்கேதான். ஒரு பெரிய பெட்டை லட்சக்கணக்கில் போடும். இடம் சரியாக இருந்தால் குஞ்சுக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் குஞ்சுகளைக் குறைத்துவைப்பது யார்? பெரிய பைக்தான். தன் இனம் என்று அது பார்ப்பதில்லை. ஆட்கள் பெரிசை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் ஏரி முழுக்க 20 அங்குல மெலிந்த பைக். பேர்ச் மீனைத் தின்று தீர்த்துவிட்டு வளராமல் கிடக்கும். இங்கே அவற்றை 'ஹாமர் ஹாண்டில்', அதாவது சுத்தியல் பிடி என்கிறார்கள்.

மினசோட்டாவில் இது பெரிய தலையிடியாகி, 2018இல் மாநிலத்தை மூன்று வலயமாகப் பிரித்தார்கள். சின்னப் பைக் மலிந்த வடமத்திய வலயத்தில் ஒருவர் பத்து மீன் எடுக்கலாம். ஆனால் 22 முதல் 26 அங்குலம்வரை உள்ளதைக் கட்டாயம் விட வேண்டும், 26க்கு மேல் இரண்டுதான். வடகிழக்கில் மீன் குறைவு, உருவம் பெரிது. அங்கே எடுக்கலாம் என்பதே இரண்டுதான், 30 முதல் 40 அங்குலம்வரை தொடவே கூடாது. தெற்கில் பைக் சொற்பம், அதனால் 24 அங்குலத்துக்குக் குறைந்தது எல்லாம் திரும்பத் தண்ணீருக்கு. உங்கள் அப்பாவின் சட்டம் பொருந்துவது அந்தத் தெற்கு வலயத்துக்கு மட்டும்.

நம் ஒன்ராறியோவிலும் கெனோராப் பக்கத்து 5ஆம் மீன்பிடி வலயத்தில் 70 முதல் 90 சென்ரிமீற்றர்வரை எடுக்கக் கூடாது, 90க்கு மேல் ஒன்றே ஒன்று. நாளைக்கு 40 அங்குலமாக வரப்போவது இந்த நடு அளவு மீன்தானே. அஜாக்ஸ் மருமகன் அங்கே பிடித்திருந்தால் அவனுடைய 33 அங்குலம் (84 செ.மீ.) தண்ணீருக்குத்தான் போயிருக்கும். வலயத்துக்கு வலயம் விதி மாறும். போகிற இடத்தின் அந்த வருடத்து விதியைப் பார்க்காமல் கூலரைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று, பைக் எல்லா இடத்திலும் உள்ளூர்க்காரன் இல்லை. ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிகள் பைக்கின் பெரிய சொந்தக்காரனான மஸ்கி மீனுக்குச் சொந்தம். பைக் முந்தி முட்டையிடுவதால் அதன் குஞ்சு முந்தி வளர்ந்து மஸ்கிக் குஞ்சைத் தின்றுவிடும். தென்மத்திய அலாஸ்காவில் யாரோ கொண்டுபோய் விட்ட பைக் சல்மன் குஞ்சுகளைத் துடைத்தெடுக்கிறது. பிடித்ததைத் திரும்ப விடாதே என்று அரசாங்கமே சொல்கிறது. அங்கே பெரிசு சிறிசு என்ற பேச்சே கிடையாது.

கேள்வி: என் கணவர் சின்னப் பைக்கை எல்லாம் 'முள்ளு' என்று விட்டுவிட்டு வருகிறார். பெரிசில் முள் எடுப்பது சுலபமாம். உண்மையா? (வாசகி, பிராம்ப்டன்)

பதில்: பெரிசில் முள் கண்ணுக்குத் தெரியும், அது உண்மை. ஆனால் அக்கா, பெரிசில் பாதரசமும் கூடும். பைக் மற்ற மீனைத் தின்று வாழ்வது, வயது ஏற ஏறப் பாதரசம் அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். ஒன்ராறியோ அரசாங்கம் ஏரி வாரியாக, மீனின் நீளம் வாரியாக மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று பட்டியல் போடுகிறது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. அதில் எந்த ஏரியைப் பார்த்தாலும் சின்ன மீன் பக்கம்தான் தாராளம்.

முதுகுச் சதைக்குள் இரண்டு பக்கமும் ஆங்கில எழுத்து 'வை' மாதிரி கவர்த்த முள் வரிசையாக ஓடும். விரலால் தடவினால் அகப்படும். அந்த வரிசையின் இரண்டு பக்கமும் கத்தி நுனியை ஓட்டி, பட்டியாக வெட்டி எடுத்துவிடலாம். பொறுமை இல்லையா? அவித்து உதிர்த்து முள்ளைப் பொறுக்கி, உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகு சேர்த்துக் கட்லட் போடுங்கள். தோலின் வழுவழுப்புக்கு முதலில் வினாகிரி ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: பெரிசை விடத் தயார். ஆனால் அந்தப் பற்களைப் பார்த்தால் கை நடுங்குகிறது. (வாசகர், விட்பி)

பதில்: நடுங்கினால் நல்லது, அவசரப்படமாட்டீர்கள். போவதற்கு முன்பே கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மனிற்றோபாவில் அது சட்டம். றப்பர் பூசிய பெரிய வலை, நீண்ட மூக்குக் குறடு, கொக்கியை வெட்ட ஒரு கட்டர், இவை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், படகின் மற்ற முனையில் அல்ல.

மீனை வலையோடு தண்ணீரிலேயே வைத்திருங்கள். கையை நனையுங்கள். செவுள் மூடியின் கீழ் விளிம்புக்குள் விரல்களை நுழைத்து, மூடியின் உட்புறத்தோடு ஒட்டியபடியே தாடை நுனிப் பக்கம் நகர்த்துங்கள். தாடை எலும்பு தட்டுப்படும் இடத்தில் இறுக்கிப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும். சிவந்த செவுளில் விரல் படக் கூடாது. பட்டால் மீனுக்கும் காயம், உங்களுக்கும் காயம். கொக்கி ஆழத்தில் இருந்தால் செவுள் பக்கத்தால் கட்டரை நுழைத்துக் கொக்கியை வெட்டிவிடுங்கள். இரண்டு டொலர் கொக்கிக்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

படம் எடுப்பவர் தயாரான பிறகுதான் மீன் மேலே வர வேண்டும். மற்றக் கை வயிற்றின் கீழே, மீன் கிடையாக. தாடையில் தூக்கி நெடுக்காகத் தொங்கவிடாதீர்கள், அந்தக் கனத்தை அதன் எலும்பு தாங்காது. பிறகு வாலடியைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருந்தால் தானே உதறிக்கொண்டு போகும். ஜூலை, ஓகஸ்ட் வெக்கையில் பெரிய பைக்கைத் தேடிப் போகாமல் இருப்பது இன்னும் நல்லது. சூடான தண்ணீரில் இழுபட்ட மீன் நீந்திப் போனாலும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: பைக்கா, மஸ்கியா? எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், பீற்றர்பரோ)

பதில்: கரும்பச்சை உடம்பில் வெளிறிய புள்ளி என்றால் பைக். வெளிறிய உடம்பில் கருங்கோடோ கரும்புள்ளியோ என்றால் மஸ்கி. சந்தேகம் வந்தால் கீழ்த்தாடையின் அடியில் உள்ள துளைகளை எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து அல்லது குறைவு என்றால் பைக், ஆறோ மேலோ என்றால் மஸ்கி. அப்போதும் சந்தேகமா? விட்டுவிடுங்கள்.

கேள்வி: விட்டுவிட்டால் சுவரில் எதை மாட்டுவது? (அதே அஜாக்ஸ் வாசகரின் மருமகன்)

பதில்: தம்பி, இப்போது ஃபைபர் கிளாசில் அச்சு அசலாகச் செய்து தருகிறார்கள். உண்மைத் தோலைவிட நீண்ட காலம் நிற்கும். நீளம், சுற்றளவு, இரண்டு பக்கமும் எடுத்த படம் போதும். புள்ளிகள் மீனுக்கு மீன் வேறுபடும் என்பதால் வெளிச்சத்துக்கு எதிராக எடுக்காதீர்கள். 33 அங்குலத்துக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டாம்.